கன்னியர் மடத்துப் பானை

எங்கள் அம்மாவுக்கு இலவசம் என்றாலே சந்தேகம். கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே இருந்த கன்னியர் மடத்தில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் இருந்தார். சிங்களவர், தமிழர் என்று பாராமல் மருந்தும் பால்மாவும் கொடுப்பார். "சும்மா குடுப்பினமே? ஒருநாளைக்குக் கிறிஸ்து வேதத்துக்கு மாறுங்கோ எண்டு கேப்பினம்" என்பார் அம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்த மருந்தைத் தொடாமல் கண்டிக்கு பஸ் ஏற்றிக்கொண்டு போவார். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பா இதிலெல்லாம் வாயே திறக்கமாட்டார். சைவமும் மரக்கறிச் சாப்பாடும் அம்மாவின் இலாகா.

அந்த ஆடி மாதக் கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் முற்றத்திலிருந்தே புகை தெரிந்தது. பொட்டை அழித்துவிட்டு, உடுத்த சேலையோடு அம்மா அப்பாவையும் எங்களையும் இழுத்துக்கொண்டு ஏறியது அதே மடத்துக்குத்தான். வேறு போக்கிடம் இல்லை.

மடத்து மண்டபத்தில் கால் நீட்ட இடமில்லாத சனம். ஒரு கிடாரத்தில் சோறு, இன்னொன்றில் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, இரண்டுக்கும் ஒரே அகப்பை. அம்மா வெறும் தேத்தண்ணீரோடு கிடந்தார். நானா? வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெத்தலி அவ்வளவு ருசி என்று அன்றுதான் அறிந்தேன். அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டாம் தரமும் வாங்கித் தின்றேன். மூன்றாம் நாள் காலை அம்மா எழும்பும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சற்று நேரத்தில் சிஸ்டர் அம்மாவைப் பின்விறாந்தைக்குக் கூப்பிட்டனுப்பினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "இண்டைக்குக் கேக்கப்போறா. உங்களைக் கொண்டு வெளியிலை போகேலாது. ஓம் எண்டுதான் சொல்லவேணும்." இடுப்பில் இருந்த விபூதிப் பையை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு நடந்தார்.

அங்கே சாரம் கட்டிய சிங்களவர் ஒருவர் சாக்கொன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வைக்கோல் சுற்றிய புதுப் பானையும் சட்டியும். சிஸ்டருக்குத் தமிழ் பழக்கியது பன்வில தேயிலைத் தோட்டத்துச் சனம். பேச்சும் அவர்களுடையதே.

"என்னங்கம்மா, மூணு நாளா சாப்பிடலியாமே? கருவாடு ஆக்குற பாத்திரத்துல சாப்பிடமாட்டீங்கன்னு ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரு. இது புதுசு. அடுப்பும் தனியா போட்டாச்சு. நீங்களே ஆக்குங்க."

அப்பா வாய் திறந்திருக்கிறார்! அந்தச் சிங்களவர் கீழ்க் கிராமத்தவர். அவருடைய மனைவியின் பிரசவத்தைச் சிஸ்டர்தான் பார்த்தாராம். ஊரடங்குக்குள் அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையால் ஏறி வந்திருக்கிறார். கும்பல் வந்தால் மறிப்பதற்காக மடத்து வாசலில் முறைவைத்து நின்ற கிராமத்தவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. எல்லாருமே சிஸ்டரிடம் மருந்து வாங்கியவர்கள்.

அம்மா பானையைத் தொடவில்லை. "வேறை ஒண்டும் கேக்க இல்லையோ, சிஸ்டர்?"

"வேற என்னத்தங்க கேக்கணும்?"

அம்மா அப்படியே குந்தியிருந்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பருப்பு எங்கே, புளி எங்கே என்று அதிகாரம் பண்ணத் தொடங்கினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

இரசம் கொதித்தபோது சிஸ்டர் தன் குவளையோடு வந்து நின்றார். "வாசம் தூக்குதுங்க. எனக்குச் சளி வேற புடிச்சிருக்கு. கொஞ்சம் தருவீங்களா?"

சிஸ்டர் ஒருநாள் கேட்பார் என்று இத்தனை வருடமாக அம்மா பயந்திருந்தார்; கடைசியில் அவர் கேட்டது இந்த இரசத்தைத்தான். அம்மா குவளை நிரம்ப வார்த்தார். தான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை மறந்து, சிஸ்டர் குடித்து முடிக்கும்வரை அகப்பையோடு பக்கத்திலேயே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டே, சிஸ்டர்?"