மூன்று ஸ்பீக்கர் வாங்கிய கதை

ஜொகூரில் இருக்கும் என் தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது தன்னுடைய பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரை எங்களுக்குக் கொடுத்துவிட்டான். ரிசீவர் மட்டும்தான். அதோடு இருந்த ஸ்பீக்கர்களை அவன் மைத்துனர் முன்பே கேட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் எங்கள் டிவிக்குக் கீழே அந்தக் கனத்த கறுப்புப் பெட்டியை வைத்ததும் பலகை லேசாக வளைந்தது. சில வாரங்கள் அது ஊமையாகவே கிடந்தது.

என் கணவர் பகாவ் பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பகுதி ஃபோர்மன். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. மகள் படிப்புக்காகப் பினாங்குக்குப் போன பிறகு, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் படம் பார்ப்பது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. போனஸ் வந்ததும் ஸ்பீக்கர் வாங்கிவிடலாம் என்றார். ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்றேன். சரி என்றார்.

எதை வாங்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, ரிசீவர் பின்னால ஒயர் சொருகுற எடத்துல ஸ்பீக்கருக்கு எத்தன ஓம்னு போட்டிருக்கு பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறிலிருந்து பதினாறு என்று இருந்தது.

"அப்ப நாலு ஓம் ஸ்பீக்கர் மலிவா கெடச்சாலும் எடுத்துராத. ரிசீவர் சூடாகி நின்னுரும். ஆறோ எட்டோ பாத்து எடு. அப்புறம், அது ரொம்ப பவரான சாமான் இல்ல. கொஞ்சம் பவர்லயே நல்லா சத்தம் குடுக்கிற ஸ்பீக்கரா கேளு."

"அஞ்சு வேணுமா?"

"வேணாம்லா. உங்க ஹால்ல பின்னாடி எங்க வெப்ப? முன்னாடி மூணு போதும். ஆனா மூணும் ஒரே செட்டா இருக்கணும். இல்லாட்டி திரையில ஆளு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தா கொரலு மாறிப் போயிரும்."

இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். "நீ பாத்துக்க. எனக்குக் காதுக்குப் புடிச்சா போதும்," என்றார்.

ஒரு சனிக்கிழமை கோலா பிலா வழியாகச் சிரம்பானுக்குப் போனோம். கடை ஒரு மாடியில் இருந்தது. விற்பனையாளர் தமிழர், எங்கள் வயதுதான் இருக்கும். ரிசீவரின் விவரத்தையும் எங்கள் தொகையையும் சொன்னதும், கம்பளம் விரித்த ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போய் இரண்டு செட்டைக் காட்டினார். இரண்டும் எட்டு ஓம், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் செட் எனக்கு உடனே பிடித்துவிட்டது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரண்டாவது செட்டில் அதே பாட்டு கீச்சென்று பற்களைக் கூச வைத்தது.

"மொதல்ல போட்டது துணி போட்டு மூடுன மாதிரி இருக்கு," என்றார் கணவர். "இதுதான் தெளிவா இருக்கு."

"இதுவா? காது வலிக்குதுங்க."

விற்பனையாளர் சிரித்தார். ஆளுக்கு ஆள் காது மாறும், நிதானமாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, முதல் செட்டில் வேறொரு வாத்திய இசையைப் போட்டார். அதில் தொடக்கத்தில் ஜால்ரா மட்டும் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தின தூறல் போல நன்றாக இருந்தது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் போடலயா?" என்று கேட்டார் கணவர்.

கண்ணைத் திறந்தேன். விற்பனையாளர் என்னைப் பார்த்தார். ஜால்ரா ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த நொடி மிருதங்கம் சேர்ந்ததும், "ஆ, வந்துருச்சு," என்று கணவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

விற்பனையாளர் இசை முடியும்வரை கணவரையே கவனித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார், "அண்ணே எங்க வேல செய்றீங்க?"

"மில்லுல. பாய்லர்."

"ரொம்ப வருஷமாவா?"

"கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து."

"மொதல்ல ஜால்ரா இருந்துச்சுண்ணே. நானும் அக்காவும் கேட்டோம். ஒருக்கா டாக்டர்கிட்ட காத காட்டிட்டு வாங்க. ஸ்பீக்கர் எங்கயும் போயிராது."

கணவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. ஒன்றும் வாங்காமல் படியிறங்கி வந்தோம்.

திரும்பும்போது புக்கிட் புத்துஸ் மலைப்பாதை தாண்டி வெகுதூரம் வரை காரின் சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது. அவர் அதை அணைக்க மறப்பது வழக்கம்தான். கவனக்குறைவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு நானே கையை நீட்டி அணைத்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சத்தம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனை செய்த பெண் ஒரு கோடு போட்ட தாளை எங்கள் முன்னால் வைத்தார். கனமான ஒலிகள் இருந்த பக்கம் கோடு மேலே நின்றது. மெல்லிய, கூர்மையான ஒலிகளின் பக்கம் போனதும் சரிந்து விழுந்தது. ச, ஸ, த போன்ற எழுத்துகள் அவருக்குப் பாதிதான் கேட்கும் என்று மலாயில் விளக்கினார். வேலையில் காதுக்கு ஒன்றும் போடுவதில்லையா என்று கேட்டதற்குக் கணவர் சொன்னார்: "குடுத்திருக்காங்க. போட்டா பம்ப்பு சத்தம் மாறுறது தெரியாது. அதனால அடிக்கடி கழட்டிருவேன்." காதுக்கருவி வைக்கலாம் என்றார் அந்தப் பெண். பிறகு பார்க்கலாம் என்று கணவர் எழுந்து வந்துவிட்டார்.

கொஞ்ச நாள் ஸ்பீக்கர் பேச்சே எழவில்லை. பிறகு ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீ கேட்ட செட்டையே எடுத்துருவோம்," என்றார்.

"உங்களுக்குத் துணி போட்ட மாதிரி இருக்குன்னீங்களே?"

"எனக்கு எதப் போட்டாலும் துணிதான். உனக்காச்சும் நல்லா கேக்கட்டும்."

எனக்கு அதில் சம்மதமில்லை. அவருக்குக் கேட்காத பெட்டியை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன கேட்பது? மறுபடி சிரம்பானுக்குப் போய் விற்பனையாளரிடம் சோதனை முடிவைச் சொன்னோம். படத்தில் பேச்சு பெரும்பாலும் டிவிக்குக் கீழே வைக்கிற நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும் என்றார் அவர். எனக்குப் பிடித்த முதல் செட்டின் வரிசையிலேயே நடுவுக்குப் பெரியதாகவும் இரண்டு பக்கத்துக்கும் சின்னதாகவும் எடுத்தால் தொகைக்குள் அடங்கும், குரலும் மாறாது, நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் ரிசீவரில் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு, அடிச்சத்தத்துக்கு வைக்கிற சப்வூஃபரை விட்டுவிட்டோம். அந்தக் கனத்த ஒலிதான் அவருக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கிறதே.

வீட்டில், ரிசீவர் ஸ்பீக்கர்களைத் தானே சரிசெய்துகொள்வதற்காக அதோடு வந்த குட்டி மைக்கைச் சோபாவில் வைத்து அளவு பார்க்கும்போது சத்தமே இருக்கக் கூடாது. முதல் முறை பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் கிளம்பிக் கெடுத்தது, இரண்டாம் முறை மழை வந்து கூரைத் தகரத்தைத் தட்டியது. மூன்றாவதில் சரியானது. பிறகு நடு ஸ்பீக்கரின் சத்தத்தை அவர் ஏற்றினார், நான் சற்றுக் குறைத்தேன், அவர் மறுபடி கொஞ்சம் ஏற்றினார். இருவரும் பொறுத்துக்கொள்ளும் ஓர் இடத்தில் நிறுத்தினோம். அன்று பார்த்த படத்தில் 'என்ன சொன்னான்?' என்று அவர் இரண்டொரு தடவைதான் கேட்டார். முன்பெல்லாம் கேட்காமலே உட்கார்ந்திருப்பார். அவருக்குப் படத்தில் மனமில்லை என்று நான் எண்ணிக்கொள்வேன்.

அடுத்த வருடம் காதுக்கருவி வைக்க ஒத்துக்கொண்டார். அது வந்த வாரம், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து சமையலறைக்குப் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் குளிர்ப்பெட்டியின் மெல்லிய கீச்சொலியைக் கேட்டபடி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது எப்பவும் இப்படித்தான் கத்துமா?"

"எப்பவும் இப்படித்தான்."

"எப்படிலா தூங்குறீங்க இந்த வீட்டுல," என்று சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அதற்கும் கீழே குறைக்க வேண்டாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.