ஐம்பத்தெட்டாம் இடத்துச் சர்க்கரை

கஜலட்சுமி கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் எடுத்து, இன்றும் அங்குள்ள தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்தே பேராதனைக்கு பஸ்ஸில் வந்து போகிறவள். அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. அவளை நான் நம்பவில்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பப்பாசி வாங்கினாலும் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பேன்.

உடம்பிலுள்ள புரதங்களில் சர்க்கரை எந்தெந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகளில் தேடி, இணையத் தரவுத்தளத்தில் பதிவதுதான் எங்கள் வேலை. ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவோம். இரண்டும் ஒத்திருந்தால்தான் தளத்தில் ஏறும். ஒருவரைப் பார்த்து மற்றவர் போட்டால் வேலை போய்விடும்.

கட்டுரைகள் ஆளுக்கொரு வரிசையில் வரும். நான் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிற கட்டுரையை அவள் பத்து மணிக்குள் முடித்துவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பாள். கேட்டால், "பஸ்ஸுலயே வாசிச்சிட்டேன் மிஸ்" என்பாள். கலஹா பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, இவள் வாசிக்கிறாளாம். என் திரையைத்தான் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு மாதம் பழைய பதிவுகளைக் கிளறினேன். ஒன்று அகப்பட்டது. அந்தப் புரதத்தின் முதல் இருபத்திரண்டு அமினோ அமிலங்கள் பிறகு வெட்டப்பட்டுவிடும். கட்டுரை அவற்றை விட்டுத்தான் எண்ணியிருந்தது; எங்கள் விதிப்படி அவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். சரியான இடம் எண்பது. நான் ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தேன். அவளும் ஐம்பத்தெட்டு. என் பிழையைக் கண்டு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

பொறுப்பாளர் சுரேஸிடம் போனேன். "பிழையையும் சேர்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறா, சேர்."

அவர் பதிவுத் திகதிகளைத் திறந்தார். "கஜாவோடது செவ்வாய்க்கிழமை, மிஸ். உங்களோடது வியாழக்கிழமை. அப்ப யார் யாரைப் பார்த்தது?"

நான் பார்க்கவே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

அவர் கஜலட்சுமியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "அந்தக் கட்டுரையில வெட்டினத பத்தி எழுத்துல எங்கயுமே இல்ல சேர். ஒரு படத்துக்குக் கீழ சின்னதா போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் அத விட்டுட்டோம். மிஸ் பாத்துப் போடுற ஆளு இல்ல."

சுரேஸ் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தார். எண்பது என்று திருத்தச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

மாடிப்படியில் அவள் நின்றாள். "என்னோடது பிந்தியிருந்தா, நீங்க எனக்காக இப்படி சொல்லியிருப்பீங்களா மிஸ்?"

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பவில்லை. தன் கதிரைக்குப் போய், திரையை என் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.