ஆறு இருபத்தைந்துக்கு ஆள் சேர்த்த கதை

கதவு மூடுவதற்கு முன் அந்த ரயில் வண்டி "டீ... டீ... டீ..." என்று ஒரு சத்தம் எழுப்பும், இன்றைக்கும் அதே மாதிரிச் சத்தம் அலுவலக லிஃப்டில் கேட்டாலும், சரக்கு லாரி பின்னால் நகரும்போது கேட்டாலும், என் வலது கால் என்னைக் கேட்காமல் ஓர் எட்டு முன்னால் போய்விடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வரிசையில் நிற்க முடியாது, தேநீர் ஆறும்வரை காத்திருக்க மாட்டேன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது.

சிம்பாங் அம்பாட்டில் "தாமான்" என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அம்மாதான் அப்படித் திருப்பி வைத்திருந்தார். அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும், தெரிந்தே தினமும் ஏமாந்தோம். ஐந்து மணிக்கு எழுந்து, சோறு வடித்து, எனக்குப் பள்ளிக்கும் தனக்கு வேலைக்கும் டப்பாவில் போட்டு, துணி காயப்போட்டு, காலில் வெந்நீரைக் கொட்டியது போல் நடந்துகொண்டே "பசியாறி", ஆறு மணிக்கெல்லாம் அம்மா வாசல் கிரில்லைப் பூட்டிவிடுவார். நடை தூரத்தில் ஸ்டேஷன். ஆறு இருபத்தைந்து வண்டியில் ஏறினால் ஏழு மணி வாக்கில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, அக்கரையில் ஜார்ஜ்டவுன், எட்டு மணிக்குள் ஒரு ஹோட்டலின் தையல் அறை. அங்கே வேலை செய்வோரின் சீருடைகளுக்குப் பொத்தான் வைப்பதும் கிழிசல் தைப்பதும் அம்மாவின் வேலை. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம் இருந்தார், மோட்டார் சைக்கிள் ஓட்ட அம்மாவுக்குப் பயம், ஆகவே அந்த வண்டி இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. "வண்டிக்கு நம்ம வீட்டு விலாசம் தெரியாது, நாமதான் அதத் தேடிப் போவணும்" என்பார் அம்மா.

மேடையில் நான்காவது தூணுக்குப் பக்கத்தில்தான் "லேடீஸ் கோச்"சின் கதவு வந்து நிற்கும். அங்கே அம்மாவும், ஜார்ஜ்டவுனில் ஒரு கேன்டீனில் வேலை பார்த்த ரொஹானி மக்சிக்கும், இன்னும் இரண்டு பெண்களும் தினமும் நிற்பார்கள். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி; அம்மாவின் பாதி மலாய் அவரிடம் கற்றது. மக்சிக் எங்கள் வீட்டுப் புளிக்குழம்பைச் சாப்பிட்டே கொஞ்சம் தமிழ் கற்றார்.

நான் ஆறாம் ஆண்டு படித்தபோது, ஆண்டிறுதி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டேஷன் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். காலையில் ஆள் போதவில்லை, ஆறு இருபத்தைந்து நிறுத்தப்படும், இனி முதல் வண்டி ஏழரைக்கு. அன்று மாலை வீடு திரும்பிய அம்மா உட்காரவே இல்லை. நின்றபடியே வெண்டைக்காய் நறுக்கினார், நின்றபடியே அதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னார். ஹோட்டலில் புதிதாக வந்த மேற்பார்வையாளர் அம்மாவைக் கூப்பிட்டு, ஃபெர்ரி தாமதத்தால் இரண்டு முறை எட்டு மணி தாண்டியாயிற்று, மூன்றாவது முறை நேர்ந்தால் தையல் அறையில் இடமில்லை என்று அதற்கு முந்திய வாரம்தான் சொல்லியிருந்தார். நான் பாடப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறிவிப்பை முதலில் எதிர்த்தது நகராண்மைக் கழகம். சாக்கடை அடைத்தால் மூன்று மாதம் கழித்து எட்டிப்பார்க்கிற கழகம், இதற்கு மூன்றே நாளில் கூடித் தீர்மானம் போட்டது எங்கள் தாமானில் எல்லோருக்கும் ஆச்சரியம். எங்கள் வட்டாரத்தின் கழக உறுப்பினரைப் பெரியவர் சிறியவர் எல்லோரும் "கவுன்சிலர் அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. குரல்தான் கொஞ்சம் பெரிது. ரயில் தரப்புக்கு எழுதினார்கள், பதிலும் வந்தது: ஆள் இருப்பதாகச் சொன்னால் காட்டுங்கள், விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து எண்ணுகிறோம், அதை வைத்து முடிவு செய்கிறோம்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். கவுன்சிலர் அண்ணே அழைப்பு எழுத ஆள் தேடுகிறார் என்றதும் கேட்காமலே போய் நின்றேன். தமிழில் பாதி, மலாயில் பாதி எழுதினேன். "செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். டிக்கெட் கழகம் தரும். பட்டர்வொர்த்தில் ரொட்டி சானாய் உண்டு." கடைசி வரி என் சொந்தச் சரக்கு, பின்னால் அதைக் காப்பாற்ற அவர் படாத பாடுபட்டார். சாயங்காலம்தோறும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வண்டியைக் காப்பாற்றினால் அம்மாவைக் காப்பாற்றியதாகிவிடும் என்பது என் நினைப்பு. அம்மா ஒரு தாளை வாங்கிப் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லாதான் இருக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மேடையில் தைப்பூசக் கூட்டம். வாழ்நாளில் ரயில் ஏறாதவர்கள் குழந்தை குட்டியோடு வந்தார்கள், என் வகுப்பில் பாதிப் பேர் வந்தார்கள், பதாகை பிடித்த இளைஞர்கள் வந்தார்கள். நாங்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்களுக்கு முந்திய ஸ்டேஷனான நிபோங் திபாலிலும் இதே மாதிரி ஒரு கவுன்சிலர் இருப்பார், அவரும் ஆள் சேர்த்திருப்பார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வண்டி முக்கால்வாசி நிரம்பித்தான் எங்களிடம் வந்தது. நான் முண்டியடித்து முதல் ஆளாக ஏறி, லேடீஸ் கோச்சிலேயே சன்னலோரம் இடம் பிடித்தேன். எனக்குப் பின்னால் ஆண்களும் பதாகையோடு அதே கோச்சில் ஏறினார்கள். அம்மாவும் மக்சிக்கும் வழக்கம் போல நான்காவது தூணருகே, கதவுக்கு நேர் எதிரே நின்றிருந்தார்கள். கவுன்சிலர் அண்ணே கையை அகல விரித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்கதான் தினமும் போறவங்களாச்சே. இன்னைக்கு வந்தவங்க மொதல்ல ஏறட்டும், கொஞ்சம் வழி விடுங்கலா."

அம்மா வழி விட்டார். யார் கேட்டாலும் விடுகிற ஆள். அவருக்குப் பின்னால் மக்சிக்கும் ஒதுங்கினார், மற்ற இருவரும் ஒதுங்கினார்கள், அவர்கள் ஒதுங்கிய இடம் வழியாகத் தாமான் முழுக்க ஏறியது. பிறகு "டீ... டீ... டீ..." என்று சத்தம் வந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். எனக்கும் கதவுக்கும் நடுவில் நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்ட அத்தனை பேரும் நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, பஸ்ஸை நிறுத்துவது போல் ஒரு கையைத் தூக்கியபடி, சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

பட்டர்வொர்த்தில் நான் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அழவில்லை, பசித்தது, சாப்பிட்டேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேடையில் நடந்ததை அம்மா மாலையில் சொன்னார். எண்ணும் கருவியோடு வந்திருந்த அதிகாரி ஒருவர், வண்டி போன பிறகும் நிற்கிற நான்கு பெண்களைப் பார்த்து, "யாரையாவது வழியனுப்ப வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாராம். மக்சிக் சிரித்துவிட்டாராம். அம்மா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வண்டியின் நேரம் பார்க்கப் போய்விட்டாராம். அடுத்த வண்டியைப் பிடித்து ஹோட்டலுக்குப் போனபோது ஒன்பது தாண்டியிருந்தது. தையல் அறை போயிற்று. மதியம் தொடங்கும் வேலைநேரத்தில், கீழ்த்தளத்தில், படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை கிடைத்தது. "பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்காப் போச்சு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். அம்மா அந்த நாளிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டி தப்பிவிட்டது. எண்ணிக்கை போதும் என்று ரயில் தரப்பு ஒப்புக்கொண்டது, கழகம் வெற்றி என்று பதாகை கட்டியது. அன்றிலிருந்து அந்த வண்டி ஒவ்வொரு காலையும் அம்மா இல்லாமல் போயிற்று. மதியம்தான் வேலை என்றாலும் அவர் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். செய்ய ஒன்றும் இல்லாமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். தண்டவாளத்துச் சத்தம் கேட்டதும், "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். மாலையில் நான் வீடு திரும்பும்போது அம்மா இருக்க மாட்டார். அந்தப் பன்னிரண்டு வயதில் நான் வளர்த்துக்கொண்ட அவசரம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது அந்த ஆறு இருபத்தைந்தில் நான் போகிறேன், ஜார்ஜ்டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு. மதிய வண்டி ஒன்று சத்தமில்லாமல் நின்றுவிட்டது. மஞ்சள் நிறப் பழைய ஃபெர்ரிகள் இல்லை. ரொஹானி மக்சிக் மகன் வீட்டோடு கூலிம் போய்விட்டார். அம்மா முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டார், கடிகாரம் மட்டும் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. போன மாதம் மறுபடியும் ஓர் அறிவிப்பு, இம்முறை கைப்பேசியில்: காலை வண்டிகள் குறைக்கப்படும். மறுபடியும் கழகம் எதிர்த்தது. மறுபடியும் எண்ணுகிற நாள் குறித்தார்கள். தலை நரைத்த கவுன்சிலர் அண்ணே தாமானின் கைப்பேசிக் குழுவில் செய்தி போட்டிருந்தார், குடும்பத்தோடு வாருங்கள் என்று.

அம்மா அதைப் படித்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார். அன்று எனக்கு முன்னால் கிளம்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து, நான்காவது தூணருகே போய் நின்றார். வண்டி வந்தது, பதாகையோடு கூட்டம் நெருக்கியது. அம்மா கதவோரம் கையைக் குறுக்கே நீட்டினார். "நில்லுங்க தம்பி. தினமும் வேலைக்குப் போற பிள்ளைங்க மொதல்ல ஏறட்டும்." குரல் உயரவில்லை, ஆனால் கவுன்சிலர் அண்ணே அம்மாவைப் பார்த்தார், பிறகு பதாகைப் பையன்களைக் கையமர்த்தினார். நாங்கள் ஏறினோம், மிச்ச இடத்தில் மற்றவர்கள் ஏறினார்கள், "டீ... டீ... டீ..." என்றது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மறுபடியும் அம்மா.

முடிவு இன்னும் வரவில்லை. வண்டி நிற்குமோ ஓடுமோ தெரியாது. ஃபெர்ரியில் இருக்கும்போது அம்மா அழைத்தார். எண்ண வந்த பையன், வண்டி போன பிறகும் நிற்கிறவரைப் பார்த்து, யாரையாவது வழியனுப்ப வந்தீர்களா என்று கேட்டானாம்.

"ஆமான்னு சொன்னேன்," என்றார். "என் மகளைன்னு சொன்னேன்."