பதினேழாம் நபர்

காஃபினும் உடற்பயிற்சியும் பற்றிய ஆய்வின் பொறுப்பாளருக்கு:

2017 மார்ச் 11 தேதியிட்ட உங்கள் கடிதத்தில், பதினேழாம் நபர் விதியை மீறிக் காபி குடித்ததால் நீக்கப்பட்டார் என்று எழுதினீர்கள். அது பொய். அந்தப் பதினேழாம் நபர் என் கணவர். அவர் யார் என்று உங்கள் கோப்பில் இராது, நான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாக நடந்து தண்ணீர் மீட்டர் பார்த்தவர். குழிக்குள் குனிந்து, மீட்டர் கண்ணாடியைத் துடைத்து, எண்ணை இருமுறை வாசித்த பிறகே குறிப்பார். அவர் குறித்ததைச் சரிபார்க்க இன்னொருவர் போனதில்லை. ஒரு நாளைக்கு ஆறு காபி குடிப்பார். "மாமாவுக்கு ஊசி குத்தினா ரத்தம் வராது, காபிதான் வரும்" என்பான் என் தம்பி. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

காஃபின் களைப்பைத் தள்ளிப்போடுமா என்று பார்க்க நீங்கள் அவர் அலுவலகத்தில் ஆள் கேட்டீர்கள். ஏழு நாள் காபி, தேநீர் தொடக்கூடாது. எட்டாம் நாள் ரத்தம் எடுத்த பின் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

இரண்டாம் நாளே தலை பிளந்தது. உங்கள் செவிலியர் இழுப்பறையிலிருந்து தலைவலி மாத்திரை அட்டைகளை எடுத்து, ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார். விழுங்கிய அரை மணியில் வலி விட்டது. எட்டாம் நாள் காலையும் ஒன்று விழுங்கிவிட்டுத்தான் வந்தார். ரத்தத்தில் காஃபின் இருந்தது. உங்கள் கடிதம் அவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று வந்தது.

"ஒரு வாரம் வாயைக் கட்ட முடியாதவன் எழுதுற கணக்கை எப்படி நம்புறது?" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அந்த வாரமே என் கணவர் குறித்த எண்களைச் சரிபார்க்க ஆள் போனது.

அன்று சாயங்காலம் நானும் கேட்டேன். "ஒரு வாய் குடிச்சிருந்தாலும் பரவாயில்லைங்க, எங்கிட்டயாவது சொல்லிடுங்க."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "நீயே கேட்டுட்ட. இனிமே யார் கேட்டா என்ன?"

பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காபியும் குடிக்கவில்லை. நான் வைப்பேன், ஆறியதும் எடுத்துக் கொட்டுவேன். பதினான்கு மாதம் இப்படியே போனது. நிமோனியாவில் இறந்தார். சாவுக்கு உங்கள் மேல் நான் பழி சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்; ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டையும் எறிந்தவளல்ல. குடும்ப ஓய்வூதியத்துக்காகக் காகிதங்களைப் புரட்டியபோது அந்த உறை கிடைத்தது. உள்ளே ஒரு மாத்திரை மிச்சம். பூதக்கண்ணாடி வைத்து அட்டையின் பின்புறத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஒவ்வொரு மாத்திரையிலும் காஃபின் அறுபத்தைந்து மில்லிகிராம். உறையின் மேல் உங்கள் செவிலியரின் கையெழுத்தில் 'காலை ஒன்று, இரவு ஒன்று'.

அவர் உயிரோடிருந்த காலமெல்லாம் அது என் பெட்டியில்தான் கிடந்தது. படிக்கத் தோன்றாதது என் குற்றம். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. உறை, அட்டை இரண்டின் நகலும் இணைத்துள்ளேன். அசல் என்னிடம் இருக்கும். அவர் விதியை மீறவில்லை, மாத்திரை நாங்கள் கொடுத்ததே என்று உங்கள் அறிக்கையைத் திருத்தி, அவர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். தொலைபேசியில் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். முப்பது நாட்களுக்குள், கையொப்பமும் தேதியும் இட்டு, எழுத்தில் பதில் தாருங்கள்.