நடந்து போகிறவர்களுக்கு ஒரு பை

சரித்திரம் படித்துவிட்டு பனியன் கம்பெனியில் என்ன கிழிக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். பெருமாநல்லூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் வேலை. படித்த படிப்பு அங்கே ஒரே ஒரு முறைதான் பயன்பட்டது. அதையும் பயன்பட்டது என்று முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவுக்கென்று ஆர்டர் வந்தது. முழங்கால் வரை தொங்கும் கையில்லாத அங்கி, தோளில் சிவப்புத் துணியை வெட்டி வைத்துத் தைத்த சிலுவை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "இதை யாருங்க போடுவாங்க? சாமியாருங்களா?" என்று டெய்லர் பெண்கள் கேட்டார்கள். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா?

சாமியார் இல்லை, நம்மைப் போன்ற ஆட்கள்தான் என்று ஆரம்பித்தேன். பல நூறு வருஷத்துக்கு முன்னால், ஊர் ஊராகப் போய்ப் பேசிய ஒரு பிரசங்கியின் பேச்சில் மயங்கி, ஏர் ஓட்டுகிறவர்களும் கூலிக்காரர்களும் எருசலேமை மீட்கப் புறப்பட்டார்கள். கூட ராஜா இல்லை, படை இல்லை. தோளில் சிலுவை தைத்துக்கொண்டு, பிள்ளைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். வழியில் எந்த ஊரின் மதில் தெரிந்தாலும், இதுதான் எருசலேமா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். ஒரு கூட்டம் ஒரு வாத்தைத் தெய்வ அருள் பெற்றதென்று நம்பி அதன் பின்னாலேயே போனதாம். வாத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

"வழியெல்லாம் சோறு யாருங்க போட்டாங்க? அன்னதானப் பந்தல் உண்டுங்களா?" என்றார் ஒரு பெண். வருஷம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவர். அவர் கவலை அவருக்கு. பந்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. பசியிலும் நோயிலும் நிறையப் பேர் வழியிலேயே விழுந்தார்கள், மீதிப் பேரில் பலர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள், ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம்தான் என்றேன். அந்தக் கூட்டங்கள் போகிற வழியில் யூதர்களைக் கொன்று குவித்த கதையும் உண்டு. சோறு தின்கிற நேரத்தில் அது வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

சரக்கை பையரின் ஆள் சோதிக்க வருவதற்கு முந்தின நாள், ஓர் அங்கியைப் புரட்டினேன். நெஞ்சுப் பக்கம், உள்துணியில், கட்டிங் வேஸ்ட்டாக மிஞ்சிய துணியில் தைத்த சின்னப் பை ஒன்று இருந்தது. சாம்பிளில் இல்லாத பை. அடுத்த அங்கியிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. செக்கிங் பெண்களும் பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்திருக்கிறார்கள். சாம்பிளில் இல்லாத ஒரு தையல் கூட இருந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும்.

ஆரம்பித்தது தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் என்று தெரிந்தது. அதிர்ந்து பேசாதவர், கணவரை இழந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் தைக்கத் தொடங்க, அந்தத் தையல் லைன் முழுக்க அவரோடு சேர்ந்துகொண்டது. முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "சாயங்காலத்துக்குள்ள பிரிக்கச் சொல்லுங்க தம்பி. இல்லீன்னா அந்தம்மா நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் மெஷினுக்குப் போனேன்.

"பிரிக்க மாட்டேன் சார். வேணும்னா என்னைய நிறுத்திருங்க."

"எதுக்குக்கா இந்தப் பிடிவாதம்? யார் கேட்டா இந்தப் பையை?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "எங்க வீட்டு ஆளு வேளாங்கண்ணிக்கு நடந்தாவ சார். நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்க ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்திருந்தாவ. எல்லாரு பையும் வண்டியில முன்னால போயிட்டு, மாத்திரையும் அதோட போயிட்டு. தஞ்சாவூர் தாண்டி ரோட்டோரமா உக்காந்தாவ, எந்திரிக்கல. இடுப்புல காவி வேட்டி, மேல காவி டி-ஷர்ட். நம்ம கம்பெனியில நாந்தான் கூட்டத்துக்கே தச்சிக் குடுத்தேன். அதுல ஒரு பை வைக்கணும்னு எனக்குத் தோணல."

பக்கத்து மெஷின்களும் நின்றிருந்தன.

"இதப் போட்டுக்கிட்டு வெயில்ல அம்புட்டு தூரம் நடக்கப் போறாவ. திரும்பி வராமப் போனாவன்னு நீங்கதான சார் சொன்னிய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதையை வாய் வலிக்கச் சொன்னேனே தவிர, இந்த அங்கியைப் போடப் போகிறவர்கள் யார் என்று சொல்லவே இல்லை. அவர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று இந்த லைன் முழுக்க நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் அந்தக் காலமுங்க அக்கா. இது சும்மா வேஷம். ஊருக்குள்ளேயே ரெண்டு தெரு சுத்தி வருவாங்க. அப்புறம் பாட்டு, சாப்பாடு. அவ்வளவுதானுங்க."

"பெறவு?"

"கார்ல ஏறி அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"ஒருத்தர் விடாம எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சமாதானத்துக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூல் வெட்டும் கத்திரியைத் தேடி எடுத்தார்.

"அப்ப சரி சார். வீட்ல ஆளு காத்துக்கிட்டிருக்கும்லா. கொண்டாங்க, பிரிச்சிருதேன்."