ரோட்டைப் பார்த்த கதவுகள்

குஜிலியம்பாறைப் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தபோது, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுகள் ரோட்டைப் பார்த்து இருந்தன. எதிரே பஸ் ஸ்டாப், அதை ஒட்டி டீக்கடை. காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். எவள் உள்ளே போகிறாள், எவ்வளவு நேரம் கழித்து வருகிறாள் என்பதை டீ குடித்தபடியே பார்க்கலாம், பார்த்தார்கள். வரைபடத்தில் அந்தக் கதவு ஒரு சின்னக் கோடாக இருந்திருக்கும். அதை மறுபக்கம் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். ஏழாம் வகுப்புக்காரிகளுக்கு வேறென்ன வழி தெரியும்?

கொஞ்ச நாளில் எனக்கு அடிவயிற்று வலியும் குளிர்காய்ச்சலும் வந்தன. அம்மா திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போறியா இல்லியா?" என்று டாக்டரம்மா கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பும் பஸ்ஸில் அம்மா துருவித் துருவிக் கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நூல்மில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எங்கள் தெருப் பெண்கள் சிலரோடு பள்ளிக்கு வந்து நின்றாள். புதுக் கட்டடத்தில் வகுப்புகள் எப்போதோ தொடங்கிவிட்டன. திறப்பு விழாதான் பாக்கி. அது அடுத்த நாள் என்பதால் கட்டட இன்ஜினியர் கடைசியாகப் பார்த்துப்போக வந்திருந்தார். பக்கத்தில் எங்கள் தலைமையாசிரியை.

"சார், இந்த வாசலச் செத்த அந்தப் பக்கம் மாத்தித் தரக் கூடாதா?" அம்மா தணிவாகத்தான் தொடங்கினாள்.

"மேல அப்ரூவ் ஆன பிளான்மா. நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அப்ப நீங்க ஒருக்கா உள்ள போயிட்டு வாங்க. டீக்கடைல அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. போங்க சார், நாங்களும் நிக்கிறோம்."

"என்னம்மா அசிங்கமாப் பேசுறீங்க?"

"பேசுனா அசிங்கம். கட்டுனா அசிங்கம் இல்லையா?"

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அம்மா நேரே கேட்டுக்குப் போய், விழாவுக்குக் கட்டியிருந்த பெரிய பிளெக்ஸ் பேனரின் கயிறுகளை அறுத்தாள். பெண்கள் அதைத் தூக்கிவந்து, கிடந்த சாரக்கம்புகளை நட்டு, கழிப்பறைக்கு முன்னால் இழுத்துக் கட்டினார்கள். அதில் கைகூப்பிச் சிரித்த பெரிய மனிதர்கள் எல்லோரும் இப்போது டீக்கடைக்கு வணக்கம் சொன்னார்கள்.

"ஐயையோ, நாளைக்கு விழாம்மா!" என்று இன்ஜினியர் ஓடிவந்தார்.

"அதுக்கென்ன சார், இங்கயும் நல்லாத்தான் தெரியுது."

சாயங்காலத்துக்குள் டிராக்டரில் கல் வந்தது. விடிந்தபோது ஆள் உயரத்துக்கு மறைப்புச் சுவர் நின்றது. எங்கள் மானத்துக்கு வராத சுவர், படத்தில் இருந்தவர்களின் மானத்துக்கு ஒரே ராத்திரியில் வந்தது. பிளானை மாற்ற முடியாது என்றவர்தான் கூடவே நின்று கட்டவைத்தாராம்.

முந்தின நாள் பேனரைக் கட்டி முடித்ததும் யார் முதலில் போவது என்று நாங்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்தோம். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற தலைமையாசிரியை எங்களை விலக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடி, முதல் ஆளாக உள்ளே போனார். பள்ளியில் ஆசிரியைகளுக்கும் அந்தக் கழிப்பறைதான். வெளியே வந்தவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது.

டீச்சருக்கு அப்படி என்ன அவசரம் என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.