பாடையைத் திருப்பும் இடம்

மாமா அந்தப் பெரியவரின் கையை உடைத்தபோது ஒலிப்பதிவுக் கருவி என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றி மனிதர்கள் வாயால் சொல்வதைப் பதிந்து பாதுகாப்பது என் வேலை. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த இடத்திலேயே வேலைக்கும் சேர்ந்தேன். அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் எங்கள் காலனிக்குள் நடப்பேன், துப்பட்டாவால் மறைத்ததில்லை.

பேசுகிறவரைச் சம்பவம் நடந்த இடத்துக்கே அழைத்துப் போவோம். இடத்தைப் பார்த்தால் மறந்தது வரும். முடிந்ததும் அவரே சம்மதம் சொன்னால்தான் பதிவை வைத்திருப்போம். இல்லையென்றால் அழித்துவிடுவோம்.

அம்மாவின் தம்பியான மாமாவையும் ஓய்வுபெற்ற காவலாளியான பெரியவரையும் சேர்த்து அழைத்தது என் யோசனைதான். துறைத்தலைவர் வேண்டாம் என்றார். எதிரெதிரே நின்றால்தான் உண்மை வரும் என்று நான் அடித்துச் சொன்னேன்.

நாங்கள் போனது வளாகத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு. முன்பு அந்த இடத்தில்தான் எங்கள் தெருப் பாடைகளை இறக்குவோம். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அது பாதி வழி. அங்கே தலைமாடு கால்மாடு மாற்றி வைத்துத் தூக்க வேண்டும். மாற்றாவிட்டால் செத்தவருக்கு வீட்டு நினைப்பு விடாது என்பார்கள். பெண்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். நான் பிறப்பதற்கு முன் பல்கலைக்கழகம் சுற்றுச்சுவர் கட்டியது; அந்த இடம் உள்ளே போய்விட்டது.

சுவர் எழும்பிய பிறகு செத்த முதல் ஆள் மாமாவின் அண்ணன். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோல் ஊறவைக்கும் டிரம் சுற்றிக்கொண்டிருந்தபோது அவரை இழுத்துக்கொண்டது. உடலைத் துணியால் இறுக்கிக் கட்டித்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பாடை வளாகத்துக்குள் நுழைந்து இறங்கும் நேரத்தில் இந்தப் பெரியவர் உட்பட காவலாளிகள் தடியோடு பாய்ந்தார்கள். மண்டைகள் உடைந்தன. சுமந்தவர்கள் சிதறி ஓடினார்கள். திரும்பி வந்தபோது போலீஸ் பாடையை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அண்ணனைத் திருப்பி வைக்காமலே அனுப்பிவிட்டோம் என்பது மாமாவுக்கு இன்றுவரை ஆறாத புண்.

மாமா கொட்டகையை அண்ணாந்து பார்த்தார். "ஸ்கூட்டிக்கெல்லாம் கூரை போட்டுக்கிறாங்க. நம்ம ஊடு ஒழுவுது பாப்பா."

"ஒழுவுனா ஓடு மாத்து. எனுக்கு அணைக்கட்டு பஸ் போயிடும்," என்றார் பெரியவர்.

அன்று என்ன நடந்தது என்று அவரைக் கேட்டேன்.

"இன்னா நடந்துச்சு. குட்சிட்டு கட்டையோட வந்தானுங்க. தொரத்துனோம்."

"பாடை?" என்றார் மாமா.

"பாடைலாம் ஒண்ணும் வரல."

"யோவ், எங்கண்ணன் அதுல கெடந்தான்யா."

"நான் பாக்கல. பாக்காதத இன்னான்னு சொல்றது?"

"சரி, தடிய எப்டி புட்சிருந்த? அதயாச்சும் காட்டு."

பெரியவர் ஊன்றி நின்ற கைத்தடியை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார். முதுகுகூட நிமிர்ந்துவிட்டது. மாமா அதைப் பிடுங்கினார். முதல் அடி தொடையில். அடுத்ததைத் தடுக்கக் கை தூக்கினார் பெரியவர். காய்ந்த விறகு முறிவதுபோல் சத்தம் கேட்டது. அவர் சாய்ந்த வேகத்தில் ஒரு வரிசை வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மாமா மறுபடி ஓங்கினார்.

"உங்கண்ணன் கீழ உழுந்தான்டா," என்றார் பெரியவர், வண்டிகளுக்கு நடுவே கிடந்தபடி. "துணி அவுந்துபோச்சு. ஒரு கை தனியா வந்து கெடந்துச்சு. நீங்க எல்லாம் ஓடிட்டீங்க. யாரு எடுத்து உள்ள வெச்சி கட்டுனதுன்னு நெனச்ச? போலீசா?"

ஓங்கிய தடி அப்படியே நின்றது. மாமா அவர் அருகில் குந்தினார்.

"தல எந்தப் பக்கம் வெச்ச?"

"இன்னா?"

"பாடைல தூக்கி வெச்சியே. தல ஊர்ப் பக்கமா, ஆத்துப் பக்கமா?"

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "தெர்ல. கண்ண மூடிக்கினுதான் வெச்சேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். வழுக்கி விழுந்ததாகப் பெரியவர் சொன்னார். பதிவை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அழிச்சிடும்மா. பொணத்தத் தொட்டது எங்க ஊட்ல தெரியாது."

அவர் கண்ணெதிரே அழித்தேன். மாமாவிடம் சொன்னதும் அவர் காறித் துப்பினார். "இத்தினி வருசத்துல ஒருத்தன் வாயத் தொறந்தான். அதயும் தொடச்சிட்டியா? நல்லா படிச்ச."

அது உறைத்தது. ஆனால் நான் செய்தது சரி. பெரியவர் குரல் அவருடையது. என் காது என்னுடையது.

"நான் பேசிப் பதியப் போறேன் மாமா. பெரியவர் பேர் வராது. ஆனா அவர் சொன்னதச் சொன்னா, நீ அடிச்சதயும் சொல்லணும். போலீஸ் வந்தாலும் வரும்."

மாமா பீடியைப் பற்றவைத்தார். "சொல்லு. என் பேரோட சொல்லு. தெர்லன்னு சொன்னான் பாரு, அத உட்டுடாத."

துறை அறையில் கதவைச் சாத்தி, கருவியை என் பக்கம் திருப்பி வைத்துப் பேசினேன். டிரம், துணி, தடி, தனியாகக் கிடந்த கை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது அடி விழுந்தபோது மைக்கை நான் இன்னும் கிட்டே நீட்டியதையும் சொன்னேன். தலை எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதில் முடித்தேன். என் பதிவுக்கு என் சம்மதத்தையும் நானே சொன்னேன்.